இரண்டு சீட்டும் ஒரு சாயத்தொட்டியும்

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நான் சாய மேஸ்திரி. அதுவரை எனக்கு ஒரே அதிகாரிதான், தயாரிப்பு மேலாளர். திடீரென்று ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் சாயப்பட்டறை விற்பனை மேலாளருக்கும் கட்டுப்பட்டதாம். இருவரும் கலந்து பேசி நடத்துவார்கள் என்று கடைசி வரி சொன்னது. அதை நம்பிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த வாரம் தொட்டிக்கு வந்த நூல், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவருக்குப் போகவேண்டிய பாவு. அவர் தறி காலியாகிப் பத்து நாள். தறி ஓடாவிட்டால் அவர் வீட்டில் உலை ஏறாது. தினமும் காலையில் வந்து பட்டறை வாசலில் நின்றுகொள்வார்.

தயாரிப்பு மேலாளரின் சீட்டில் மாம்பழ மஞ்சள் என்றிருந்தது. நனைத்துக் கொடியில் போட்டேன். ஈரம் காய்வதற்குள் விற்பனை மேலாளரின் சீட்டு: மஞ்சள் போகாது, குங்குமச் சிவப்பு போடவும். முன்னவரைக் கேட்கலாமென்றால் அவர் மெட்ராஸ் போயிருந்தார். சரி, மஞ்சள்மேல் சிவப்பு ஏறும். ஏற்றினேன்.

மறுநாள் திரும்பி வந்தவர் கொடியைப் பார்த்துக் கொதித்தார்.

"யாரைக் கேட்டு மாத்தினே? சிவப்பு ஏற்கெனவே குவிஞ்சிக் கெடக்குது. அரக்காவது ஆக்கு."

ஆக்கினேன். மதியம் விற்பனை மேலாளர் வந்து நின்றார்.

"அரக்கு யார் கேட்டா? கத்தரிப்பூ போடு."

"சார், நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கினீங்கன்னா..."

"அவரை வந்து என்கிட்ட பேசச் சொல்லு."

தயாரிப்பு மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். நான் யாருடைய ஆள்? அங்கே எனக்குச் சாயத்தை ஏற்றத்தான் வழியுண்டு, இறக்க வழியில்லை. கத்தரிப்பூவையும் ஏற்றினேன். காய்ந்ததும் பார்த்தால் கரிச்சட்டி அடியைப்போல் இருந்தது.

"இன்னாபா மேஸ்திரி, இது இன்னா கலரு?" என்றார் நெசவாளர்.

சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை பியூன் மெமோ கொண்டுவந்தான். நூலைப் பாழாக்கியதற்கு மூன்று நாளுக்குள் கீழே கையொப்பமிட்டவருக்கு விளக்கம் தரவேண்டும். கீழே இரண்டு கையெழுத்து, பக்கத்தில் பக்கத்தில். ஒரே தாளில் இருவர் கையெழுத்தையும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். விளக்கத்தை யாரிடம் கொடுப்பது என்ற குழப்பத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் நின்றவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன தாள் என்று கேட்டார். ரெண்டு மேலாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். பன்னிரண்டு நாளில் அன்றுதான் அவர் முகம் தெளிந்தது.

"அப்ப ஒத்துப்போயிட்டாங்க. என் நூலு இன்னிக்கு வந்துடும் இல்ல?"