குளிர் பார்க்க வந்த மனுசி

முதல்ல கோட்டைக் கழட்டினா, பிள்ளை. பிறகு கழுத்தில சுத்தியிருந்த சால்வையைக் கழட்டினா. பிறகு உள்ளுக்குப் போட்டிருந்த கம்பளிச் சட்டையையும் தலையால இழுத்துக் கழட்டிக் கதிரையில போட்டிட்டு, கையில இருந்த காகிதத்தால முகத்துக்கு விசிறினா. அவ ஆர் எண்டு நினைக்கிறீர்? என்ர வீடு எவ்வளவு குளிர் எண்டு பார்த்து எழுத வந்த கவுன்சில் மனுசி!

சிரிக்காதையும். உள்ளுக்கு வாரும். கதவைச் சாத்தும், சூடு வெளியில போகுது. பார்த்தீரே, இப்ப எனக்கும் இப்பிடிச் சொல்ல வீட்டுக்குள்ள ஒரு சூடு இருக்குது. இதில இரும், முதல்ல இருந்து சொல்லுறன்.

நீர் மகள் வீட்டுக்கு எண்டு கனடாவுக்குப் போய் மூண்டு மாசம் நிண்டீர் எல்லே? நீர் போய் ரெண்டாம் நாள், நான் வழக்கம் போலச் சுவரில சாய்ஞ்சு கொண்டிருந்து வெங்காயம் உரிக்கிறன், முதுகு விறைக்குது. தடவிப் பார்த்தால் சுவர் ஐஸ். அப்பதான் விளங்கினது. இவ்வளவு வருசமும் என்ர சுவரைச் சூடாக்கினது உம்மட வீட்டு ஹீற்றர்! ரெண்டு வீட்டுக்கும் நடுவில ஒரு சுவர் தானே. உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தாரும், வடை எடும், அதோட கணக்குச் சரி.

என்ர ஹீற்றரைப் பற்றி உமக்குத் தெரியும். காட் மீற்றர். காட்டைக் கொண்டு போய்ச் சந்திக் கடையில குடுத்தால் அந்தத் தம்பி காசு ஏத்தித் தருவார். அது முடிஞ்சால் எல்லாம் நிண்டு போகும். அதால நான் ஹீற்றரை விருந்துக்கு வைச்சிருக்கிற பீங்கான் கோப்பை மாதிரித்தான் பாவிச்சனான். ஆராவது வந்தால் போடுறது, அவை வெளிக்கிட நிப்பாட்டுறது. தனிய இருக்கிற எனக்கு என்னத்துக்கு? ரெண்டு சுவெற்றர், மேல அவரின்ர பழைய கோட், காலுக்கு மூண்டு சோடி சொக்ஸ்.

அதுக்கும் மேல குளிர்ந்தால் பஸ்ஸில ஏறுவன். மெய்யாத்தான். லண்டனில வயசு போன ஆக்களுக்குச் சும்மா குடுக்கிற பாஸ் இருக்குதே. மோர்டனில ஏறிச் சட்டன் மட்டும் போய், அடுத்த பஸ்ஸில திரும்பி வருவன். பஸ்ஸுக்குள்ள நல்ல சூடு. ஒரு நாள் அப்பிடியே நித்திரையாகிப் போனன். டிரைவர் வந்து தட்டி எழுப்பினவர், அவரும் எங்கட ஆள். "அன்ரி, இது பஸ், படுக்கையறை இல்லை" எண்டார். "தம்பி, என்ர படுக்கையறையில இவ்வளவு சூடில்லை" எண்டன். அவரும் சிரிச்சார், பின்னால இருந்த ரெண்டு பேரும் சிரிச்சவை.

இப்பிடியே என்ர காலம் போயிருக்கும். ஆனால் பேத்திக்குப் பிள்ளை பிறக்க இருந்தது எல்லே. சட்டனில இருக்கிறவள், மகளின்ர மகள். பிறந்து முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிய அவளின்ர புருசன் வேலைக்குத் திரும்ப வேணும். தாய்க்காரிக்கு ஆஸ்பத்திரியில ஷிப்ட், காலமை எண்டுமில்லை பின்னேரம் எண்டுமில்லை. அப்ப பச்சைப் பிள்ளையோட அவள் வந்து நிக்கிறதெண்டால் என்ர வீட்டில தான் நிக்க வேணும். நான் தான் முழுக வாக்கிறது, நான் தான் எண்ணெய் பூசுறது எண்டு, அவளுக்கு நாலு மாசமாய் இருக்கேக்கையே நான் முடிவு கட்டிப் போட்டன். ஆரையும் கேட்கவும் இல்லை.

ஒரு நாள் வயித்தைத் தள்ளிக் கொண்டு வந்தாள். நான் ஹீற்றர் போடேல்லை. பேத்தி விருந்தாளியோ, வீட்டுப் பிள்ளை தானே? அவள் கோட்டைக் கழட்டாமல் இருந்து தேத்தண்ணி குடிச்சாள். பிறகு கைப்பையில இருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து அந்தச் சுவரில கொழுவினாள். மிட்வைஃப் குடுத்ததாம். குளிர் எண்டால் நீலம், சூடு காணும் எண்டால் பச்சை, கூடிப்போனால் சிவப்பு. எனக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும். அட்டை கடல் மாதிரி நீலம்.

"அம்மம்மா, இது வீடில்லை, ஃப்ரிட்ஜ்" எண்டாள். "பேபியை இங்க கொண்டு வர ஏலாது. சொறி அம்மம்மா. நான் மாமி வீட்டை தான் போய் நிக்க வேணும்."

மாமி எண்டால் அவளின்ர புருசனின்ர தாய், எனக்குச் சம்பந்தி. நல்ல மனுசி, பிழை சொல்ல ஏலாது. அவவின்ர வீட்டுக் கதவைத் திறந்தால் வெக்கை வந்து முகத்தில அடிக்கும். போனில விரலை வைச்சால் வீட்டில ஹீற்றர் எரியும். ஒருக்கா ஆர்ச்வேக் கோயிலில முருகனுக்கு முன்னால நிண்டு, "இஞ்ச பாருங்கோ அக்கா, இப்ப போட்டு விட்டால் நாங்கள் போய்ச் சேர வீடு சூடாயிருக்கும்" எண்டு எனக்குக் காட்டினவ. அங்க அர்ச்சனை நடக்குது, இவ வீட்டைச் சூடாக்கிறா. எனக்குப் பொறாமை இல்லை. கொஞ்சம் இருந்தது.

அவள் போன பிறகு காட்டைக் கொண்டு கடைக்குப் போனன். என்ர முகத்தைப் பார்த்திட்டுக் கடைத் தம்பி, "என்ன அன்ரி, ஆரோட கோபம்?" எண்டார். சொன்னன். "அன்ரி, கவுன்சிலுக்கு எழுதிப் போடுங்கோ. ஹீற்றிங் பில்லுக்கு உதவி செய்யினம். வீட்டையும் வந்து பார்த்து, பிழையானதைத் திருத்தித் தருவினம்" எண்டார்.

"நான் போய்க் கை நீட்டுறதோ, தம்பி?"

"பஸ் பாஸுக்கு நீட்டின அதே கை தானே அன்ரி?"

வாங்கின கத்தரிக்காயையும் அங்கையே விட்டிட்டு வந்திட்டன்.

பிறகு பேத்தி தான் போனில எழுதிப் போட்டவள். அவள் அங்க இருந்து கேட்கிறாள், நான் இங்க இருந்து மறுமொழி சொல்லுறன்.

"அம்மம்மா, உங்களுக்கு என்ன நோய், வருத்தம் இருக்கு?"

"ஒரு வருத்தமும் இல்லை."

"முழங்கால்?"

"அது வருத்தமோ? வயசு."

"பிரஷர்?"

"அதுக்குத்தான் குளிசை போடுறனே, பிறகென்ன வருத்தம்?"

"அம்மம்மா, நீங்க எனக்கு ஹெல்ப் பண்ணுறீங்களா, கவுன்சிலுக்கு ஹெல்ப் பண்ணுறீங்களா?" எண்டு கத்தினாள். தனக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுதினாள் போல. கொஞ்ச நாளில, ஒரு மனுசி செவ்வாய்க்கிழமை வீட்டைப் பார்க்க வருவா எண்டு மறுமொழி வந்தது.

ஆராவது வீடு பார்க்க வருகினம் எண்டால் நீர் என்ன செய்வீர்? சொல்லும் பாப்பம். அதைத்தான் நானும் செய்தனான். யன்னல் துடைச்சன். உளுந்து ஊறப் போட்டு வடை சுட்டன். கடையில போய்க் காட்டில காசு ஏத்தி, காலமை எழும்பின உடன ஹீற்றரை முழுசாய்த் திருகி விட்டன். சூடு மேல் மாடிக்குப் போய் வீணாகக் கூடாது எண்டு மேல் அறைக் கதவெல்லாம் சாத்தினன். பதினொரு மணிக்குக் கீழ் ஹோல் எண்டால் ஹோல், யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில் தோத்துது. அட்டை பச்சையையும் தாண்டிச் சிவந்து போச்சு. எனக்கோ பெரிய புழுகம், சந்தோசம் தாங்கேல்லை.

மனுசி வந்தா. உயரமான கறுப்பு மனுசி, நல்ல சிரிப்பு. வந்து என்னென்ன கழட்டினா எண்டு முதலே சொன்னனே. போனை மேசையில வைச்சு, தமிழ் கதைக்கிற ஒரு பிள்ளையைப் பிடிச்சுத் தந்தா. இந்தியப் பிள்ளை. அவ போனுக்குள்ள இருந்து ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்திச் சொல்லுவா.

"வணக்கம் பாட்டி. வீடு எப்பவும் இப்படிக் கதகதப்பாத்தான் இருக்குமான்னு கேக்கறாங்க."

"ஓம் பிள்ளை. என்ர வீட்டில ஒரு குறையும் இல்லையெண்டு சொல்லும். வந்த ஆக்களைக் குளிரில இருத்துற ஆக்கள் நாங்கள் இல்லை."

மனுசி எழுதினா.

"ஹீட்டர் போடறதுக்குக் கஷ்டமா இருக்கான்னு கேக்கறாங்க."

வீட்டுக்கு வந்த மனுசி வாயில வடையோட இருக்கிறா. அவவுக்கு முன்னால கஸ்டம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? "ஒரு கஸ்டமும் இல்லை. இன்னொரு வடை எடுக்கச் சொல்லும்" எண்டன்.

போனுக்குள்ள அந்தப் பிள்ளை ஒருக்காச் செருமினா. பிறகு, "பாட்டி, நீங்க சொல்றதை அப்படியே சொல்றதுதான் என் வேலை. ஒரு வார்த்தை கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அதனால நீங்கதான் யோசிச்சுச் சொல்லணும்" எண்டா.

நான் யோசிக்கேல்லை. மனுசி சுவரில இருந்த சிவப்பு அட்டையைப் பார்த்தா, ரெண்டு வரி எழுதினா, பேனையை மூடினா. எனக்கு வாசிக்கத் தெரியாட்டிலும், ரெண்டு வரியில முடிஞ்சு போச்சு எண்டு தெரியாதே? அப்பதான் சம்பந்தியின்ர போன் கண்ணுக்கு முன்னால வந்து நிண்டது. என்ர பூட்டப்பிள்ளைக்கு அவ எண்ணெய் பூசுறா, நான் பக்கத்தில நிண்டு துவாய் பிடிக்கிறன். என்ன கோதாரி வேலை செய்து போட்டன்!

ஆனால் முருகன் இருக்கிறான், பிள்ளை. மூண்டு கோப்பை தேத்தண்ணி குடுத்தனான் எல்லே. மனுசிக்குப் பாத்ரூம் போக வேணும்.

பாத்ரூம் மேல. போகாதையுங்கோ எண்டு சொல்ல ஏலுமே? போனா. மேல கதவு திறந்த சத்தம் கேட்டது. உடன "ஊ!" எண்டொரு சத்தம். பிறகு கன நேரம் ஆளைக் காணேல்லை. திரும்பி வரேக்க படிக்கு மேல நிண்டு, யன்னல்கரையில நான் வைச்சிருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை மூடியில்லாமல் தலைகீழாய்ப் பிடிச்சுக் காட்டுறா. ஒரு சொட்டு விழவேணுமே! கல்லு. உள்ளுக்கு நான் குத்தி விட்ட கரண்டி கொடிமரம் மாதிரி நிக்குது. இறங்கி வந்து, முதல் வேலையாய்க் கழட்டின கம்பளிச் சட்டையைத் திருப்பிப் போட்டா. போட்டிட்டு என்னவோ கேட்டா.

"பாட்டி, கீழே ஒரு நாடு, மேலே ஒரு நாடா இருக்கேன்னு கேக்கறாங்க. நீங்க எங்கே தூங்கறீங்க?"

இனி ஒளிச்சு என்ன? "மேல தான். நாலு போர்வை" எண்டன். "ஹீற்றர் வாற ஆக்களுக்குப் போடுறது. நீங்கள் வாறியள் எண்டு தான் காலமை போட்டனான். நீங்கள் போன உடன நிப்பாட்டுவன். எனக்குப் பூட்டப்பிள்ளை பிறக்கப் போகுது. அந்த அட்டை பச்சையாய் இருந்தால்தான் என்ர பேத்தி பிள்ளையைக் கொண்டு வருவாள். அதுக்குத்தான் எழுதிப் போட்டனாங்கள்."

போனுக்குள்ள அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு. அடக்கி அடக்கிச் சொல்லி முடிச்சா. கவுன்சில் மனுசி என்னைப் பார்த்தா, வடையைப் பார்த்தா, பிறகு வீடு அதிரச் சிரிச்சா. கண்ணைத் துடைச்சுக் கொண்டு கனக்கக் கதைச்சா.

"அவங்க பாட்டி ஜமைக்காவிலேர்ந்து வந்தவங்களாம். முன் ரூமை எப்பவும் பூட்டியே வச்சிருப்பாங்களாம். நல்ல சோபா, நல்ல கார்ப்பெட், ஹீட்டர் எல்லாம் அங்கேதானாம். விருந்தாளியும் பாதிரியாரும் வந்தா மட்டும்தான் திறப்பாங்களாம். இவங்க சின்ன வயசில கதவு இடுக்கு வழியாத்தான் அந்த ரூமைப் பார்த்திருக்காங்களாம்."

"அப்ப இவவின்ர ஆக்களும் எங்கட ஆக்கள் தான்" எண்டன். அதையும் அந்தப் பிள்ளை அப்பிடியே சொன்னா. மனுசி எழும்பி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சா.

பிறகு எழுதினதை வெட்டிப் போட்டு, புதுத் தாள் எடுத்து, ஒவ்வொரு அறையாய்ப் போனா. யன்னல் இடுக்கில கையை வைச்சுப் பார்த்தா. மேல் அறை ரேடியேற்றரைத் தட்டிப் பார்த்தா, அது எப்பவோ செத்துப் போய்க் கிடக்குது. இந்த முறை பேனை நிக்கேல்லை, பிள்ளை.

சொன்னபடி செய்தவை. ரெண்டு பேர் வந்து கதவு, யன்னல் எல்லாத்துக்கும் விளிம்பு அடைச்சு, மேல் ரேடியேற்றரை மாத்தினவை. வவுச்சர் ஒண்டும் தபாலில வந்தது. கடைத் தம்பி அதை மிசினில போட்டுக் காட்டில ஏத்திப் போட்டு, "இனிப் பஸ்ஸில நித்திரை கொள்ள வேண்டாம் அன்ரி" எண்டார். அந்தக் கதை அவரின்ர காதுக்கும் போயிட்டுது, பாருமன்.

அடுத்த நாள் காலமை ஹீற்றரைப் போட்டன். ஒருத்தரும் வரேல்லை, வாறதாயும் இல்லை. கதிரையில இருந்து வாசலைப் பார்த்துக் கொண்டிருக்கிறன், ஆர் வரப் போகினம் எண்டு. கொஞ்ச நேரத்தால தான் உறைச்சது, இது எனக்கு எண்டு. பீங்கான் கோப்பையை எடுத்து அதில தேத்தண்ணி ஊத்திக் குடிச்சன்.

முந்தநாள் பேத்தி பிள்ளையோட வந்திறங்கினாள். பெட்டைப் பிள்ளை. மூக்கு என்ர. உள்ளுக்கு வந்தவள் என்னைப் பார்க்கேல்லை, அட்டையைத் தான் பார்த்தாள். பச்சை! மாவிலை மாதிரிப் பச்சை. அப்பிடியே நிண்டு கோட்டைக் கழட்டி ஆணியில கொழுவினாள். அதைப் பார்க்க எனக்குக் கண்ணீர் வந்தது, அவள் வெங்காயம் எண்டு நினைச்சாள்.

இண்டைக்கு நாலு மணிக்குச் சம்பந்தி பிள்ளை பார்க்க வாறா. இங்கதான் வாறா, என்ர வீட்டை! நீரும் நில்லும், அவ சுவெற்றர் கழட்டுறாவோ எண்டு பார்க்கவேணும். கழட்டாட்டில் இன்னும் கொஞ்சம் திருகி விடுவன்.

ஓ, மேல முனகல் கேட்குது. கேட்டதே? முழிச்சிட்டாள். முழுக வாக்கிற நேரம். ஐயோ, எண்ணெய்ப் போத்தலை அந்தப் புது ரேடியேற்றருக்கு மேல வைச்சனான், தண்ணி மாதிரி உருகி இருக்கும். கனக்கச் சுட்டால் பச்சைத் தோலுக்கு ஆகாது. அந்தத் துவாயை இஞ்ச தாரும், பிள்ளை, நான் மேல போறன்.