ஒரு மடிக்கு ஒரு குழந்தை

ஆணும் பெண்ணுமாய்ப் பிறந்த என் இரட்டைக் குழந்தைகளுக்கு அப்போது இரண்டு மாதம். மஸ்கட்டிலிருந்த கணவர் இன்னும் அவர்களைப் பார்க்கவில்லை. வேங்கிக்கால் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவருடன் பேசினேன்.

"பிளேன்ல ஒருத்தர் மடியில ஒரு குழந்தைதானாம். ஒண்ண உங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்துடு. அப்புறமா நான் வந்து கூட்டிக்கிறேன்."

வாடகை வீட்டில் தனியாகக் கிடந்து வெறுத்துப்போயிருந்தேன். "சரிங்க" என்றுவிட்டேன்.

"எந்தக் குழந்தைய விடப்போற?"

திரும்பிப் பார்த்தேன். போன் பேசுவதற்காக பூத்துக்கார அக்காவிடம் ஒரு குழந்தையைக் கொடுத்திருந்தேன். அது மகள். மகன் என் தோளில் இருந்தான். யோசிக்காமல்தான் கொடுத்திருந்தேன்.

"நான் வரலைங்க" என்று போனை வைத்தேன்.

"புள்ள அழவே இல்லம்மா" என்று அக்கா மகளை நீட்டினார்.

கணவர் ஊர் வர ஒரு வருடமாயிற்று. இப்போதும், "உனக்கு அவமேலதான் பாசம் ஜாஸ்தி" என்று மகன் சண்டை போடுகிறான். போடட்டும். காரணத்தை இருவரிடமும் நான் சொன்னதில்லை.