வெயில் எட்டாத மூலை

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் வரவேற்பறை மூலைக்குத் தட்டில் வளரும் குட்டை மரம் ஒன்று கேட்டார் துரைசாணி. இங்கிலீஷ் புத்தகம் படித்து நான் வளர்த்த பைன் மரத்தைக் கொண்டுபோனேன். எங்கள் தொழிலாளர் லயத்தில் படித்துக் கிளாக்கர் ஆனவன் நான் ஒருவன்தான். அவர் வாயால் ஒரு 'வெரி குட்' கேட்க ஆசை.

பங்களாத் தோட்டக்காரருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. நகமெல்லாம் மண். செடி வைக்குமுன் அந்த இடத்தில் தானே குந்திப் பார்ப்பார். அன்றும் அந்த மூலையில் காலை முழுக்கக் குந்தினார்.

"இங்க வெயில் எட்டல, தொரசாணி. பைன் செத்துப்போயிரும். இத்தி மரம் வைங்க, நிழல் தாங்கும்."

துரைசாணி அவர் பேச்சையே கேட்டார். நான் கடுப்போடு பைனைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குத் திரும்பினேன்.

மறுநாள் தோட்டக்காரர் என் ஆபீஸ் ஜன்னலடியில் வந்து குந்தினார். "கிளாக்கரய்யா, இங்க நல்ல வெயிலுங்க. பைன இங்க வைங்க."

வைத்தேன். தளதளவென்று நிற்கிறது. பார்ப்பவர்கள் என்னைப் புகழ்கிறார்கள். இடம் காட்டியவர் யாரென்று இதுவரை ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.