கடலோர மாதாவுக்கு ஒரு பிடி மண்

உபதேசியார் வேலைக்கு நடக்கத் தெரிய வேண்டும், கேட்கத் தெரிய வேண்டும். பேசத் தெரிந்தால் போதும் என்று நம்பி வந்தவன் கெட்டான். நான் அப்படித்தான் வந்தேன். குளத்தூர்ப் பக்கம் பன்னிரண்டு ஊர்களுக்கு நான் ஒருத்தன். செபம் சொல்லிக் கொடுப்பது, சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, புருஷன் பெண்சாதி சண்டைக்கு நடுவே போய் இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. இது போதாதென்று வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் முப்பது நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு, மணமேல்குடிக்கு அப்பால் கடலோரத்தில் இருக்கும் சின்ன மாதா கோயிலுக்கு ஐந்து நாள் நடக்க வேண்டும். ஊருக்கு நல்லது சொல்லப் போய்க் கால் வீங்கித் திரும்பியவர் யாராவது இருந்தால், இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

சவரிமுத்துவின் காளை

முதல் வருஷம் கிளம்பும்போது பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, கோயிலைப் போய்ப் பார்ப்பது மட்டும் யாத்திரை ஆகாது, போகிற வழியில் ஒவ்வொருத்தரும் மனசைத் திறக்க வேண்டும், அதற்குத்தான் நீர் கூடப் போகிறீர் என்று சொல்லி அனுப்பினார். நானும் ஒவ்வொருத்தராகப் பிடித்து, மனசில் என்ன பாரம் என்று கேட்டேன். எல்லாருக்கும் ஒரே பதில்: ஒண்ணுமில்லைங்க. ஒண்ணுமில்லாதவன் எதற்கு இத்தனை மைல் செருப்பில்லாமல் நடக்கிறான் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு கண்மாய்க்கரையில் இறங்கினோம். சவரிமுத்து என்று ஏர் ஓட்டுகிற ஒரு சம்சாரி, பெரிய மீசைக்காரர், தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து சேற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு காளை. முன்னங்கால் மடிந்து விழுந்து கிடக்கிற காளை. அவர் தேம்பி அழுதுகொண்டிருந்தார். பாரம் இழுக்காத மாட்டைக் கோபத்தில் அடித்திருக்கிறார்; விழுந்தது எழுந்திருக்கவே இல்லை. பெண்சாதிக்குக்கூடச் சொல்லாததை என்னிடம் அரை மணி நேரம் சொன்னார். மூன்று நாளாகக் கேட்டேனே, அப்போது ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொல்லணும்னு நெனைக்கலைங்க. கை சும்மா இருக்க மாட்டாம மண்ணைப் பெசஞ்சேன், அது காளையா வந்து விழுந்துருச்சு."

சாமியார் ஒப்படைத்த வேலை

அடுத்த வருஷத்திலிருந்து அதையே வழக்கமாக்கினேன். அவரவர் ஊர்க் கண்மாயில் ஒரு பிடி மண் எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, கொட்டாங்கச்சியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். நடக்கிற ஐந்து நாளில் கை போகிறபடி ஏதாவது செய்யலாம். சுடாமல் அப்படியே மாதா காலடியில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். மழையில் கரைந்தால் கரையட்டும். இரண்டே சட்டம்: என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது, அடுத்தவர் மண்ணில் கை வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தான், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரங்கூனில் குண்டு விழுந்து மூன்றாவது வருஷம். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் என்னிடம் ஆரோக்கியம் என்ற பெண்ணைப் பற்றிப் பேசினார். அவள் புருஷன் சின்னப்பன் ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை பார்த்தவன். காட்டு வழியாக நடந்து தப்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். அவன் வரவில்லை, கடுதாசியும் இல்லை. புருஷனின் அண்ணனோ செத்தவர்களுக்கு வைக்கிற பூசையை வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்கிறார். அவன் ஆத்துமம் மோட்சம் போகுமுன் பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகும்போது நாம் செபிக்காமல் இருக்கலாமா என்பது சாமியாரின் கவலை. இவள் மட்டும் சம்மதிக்கவில்லை. கடலோரம் போய்ச் சேருவதற்குள் அவள் மனசை நீர் திருப்பிவிட வேண்டும் என்று என்னிடம் ஒப்படைத்தார்.

புதுக்கோட்டை தாண்டியதுமே ஆரம்பித்தேன். மோட்சம், உத்தரிக்கிற ஸ்தலம், செத்தவர்களுக்குச் செபிக்கிற புண்ணியம் எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நடந்தவள், நான் மூச்சு வாங்க நின்றபோது ஒன்று கேட்டாள்.

"உசுரோட இருக்கிறவருக்கு நான் செத்தவர் பூசை வச்சுட்டா, அங்கிட்டு அவருக்கு என்னாகும் உபதேசியாரய்யா?"

லூர்துவின் மாமியார்

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு புளியமரத்தடியில் தங்கினோம். லூர்து என்ற சின்னப்பெண், கல்யாணமாகி ஒரு வருஷம், தன் மண்ணில் ஒரு பொம்பளையைச் செய்து வைத்திருந்தாள். இடுப்பில் கை, தூக்கின மோவாய். யாரும் கேட்கக் கூடாது என்பது சட்டம்தான். ஆனால் அவள் ஊர்க்காரர்களுக்குக் கேட்க வேண்டிய தேவையே இல்லை, பார்த்ததும் அவள் மாமியார் என்று தெரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கச் சொல்லி அதட்டிய நானே திரும்பி நின்று சிரித்தேன்.

ஆரோக்கியமும் சிரித்தாள். வழியில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அவள் கையில் மண் இன்னும் உருண்டையாகவே இருந்தது. லூர்து மட்டும் சிரிக்காமல், பொம்மையை ஈரத்துணியில் பத்திரமாகச் சுற்றினாள்.

"நாக்கு மட்டும் நான் வைக்கலைங்க, அதை மாதா பாத்து வைக்கட்டும்."

அறந்தாங்கிக்கு இந்தப் பக்கம்

மூன்றாம் நாள் ஆரோக்கியத்தின் உருண்டை ஆளாகிவிட்டது. சம்மணம் போட்டு உட்கார்ந்த ஒரு ஆம்பளை. தோளில் துண்டு, முழங்காலில் கை, எல்லாம் இருந்தன. மூஞ்சி மட்டும் இல்லை, மொழுமொழுவென்று விட்டிருந்தாள். அறந்தாங்கிக்கு முன்னால் ஒரு கண்மாயில் பெண்கள் குளிக்கப் போனார்கள். பொம்மை கரையில் ஒரு மரத்தின் வேர்மேல் இருந்தது.

என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சூசையப்பர், இடையர், கழுதை எல்லாம் நான்தான் செய்வேன். குளத்தூரில் என் சூசையப்பருக்குப் பேர் உண்டு. அரைகுறையாக ஒரு உருவத்தைப் பார்த்தால் எனக்குக் கை பொறுக்காது. பாவம், அவளுக்கு மூஞ்சி செய்ய வரவில்லைபோல என்று நினைத்து, ஒரு ஈர்க்குச்சியை எடுத்து மூக்கு வைத்தேன், வாய் வைத்தேன். கண் வைத்தேன். கண்ணை மூடி வைத்தேன். மூடின கண் அழகாக இருக்கும் என்று கை தானாகச் செய்தது என்றுதான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் பேசிப் பேசி ஆகாததை அந்தக் கண் சொல்லிவிடட்டும் என்று நினைத்துத்தான் செய்தேன்.

அவள் ஈரத் தலையோடு வந்தாள். பார்த்தாள். பொம்மையைக் கையில் எடுத்து அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் ஒரு போட்டோ இல்லை, மூன்று வருஷத்தில் அவன் முகம் மெள்ள மெள்ள மறந்துகொண்டே வந்து இப்போது சுத்தமாக மறந்துவிட்டது, அதைத் திருப்பிக் கேட்கத்தான் மாதாவிடம் போகிறேன் என்று தணிந்த குரலில் சொன்னாள். நான் ஈர்க்குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பிறகு அந்த மூடின கண்ணை விரலால் தொட்டுக் காட்டிக் கேட்டாள்.

"இது யாருங்க?"

மாதா காலடியில்

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மன்னித்துவிடு தாயி என்று நடுரோட்டில் கையெடுத்துக் கும்பிட்டேன். கொட்டாங்கச்சியைப் பார்ப்பதும், தனக்குள் முணுமுணுப்பதுமாகவே வந்தாள். ஒரு மனுஷியின் விசுவாசத்தைக் கெடுத்துவிட்டேன், இனி உபதேசியார் வேலைக்கு நான் லாயக்கில்லை என்று முடிவே பண்ணிவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் கோயிலை அடைந்தோம். எல்லாரும் தங்கள் மண்ணை மாதா காலடியில் வைத்துவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனார்கள். ஆரோக்கியம் மட்டும் பொம்மையோடு மணலில் உட்கார்ந்திருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன், வாயைத் திறக்கவில்லை. அலையில் விரலை நனைத்து வந்து, நான் வைத்த மூஞ்சியைத் தேய்த்து அழித்தாள். பிறகு மூக்கை வைத்தாள், ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாக. மேலுதட்டில் நகத்தால் ஒரு தழும்பு. கண் இரண்டும் திறந்தே இருந்தன, ஒன்று சற்றுச் சின்னது. என் சூசையப்பரின் அழகு அதில் இல்லை. ஆனால் அது ஒரு ஆள். தெருவில் எதிரே வந்தால் அடையாளம் சொல்லலாம்.

அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. இது அவர் இல்லை, அவர் மூக்கு இப்படி இல்லை என்று என் பொம்மையை இரண்டு நாளாக வைதுகொண்டே வந்தாளாம். எது இல்லை என்று சொல்லச் சொல்ல, எது என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துவிட்டதாம். சொல்லிவிட்டுப் பொம்மையை மாதா காலடியில் வைத்தாள். சாமியாரிடம் நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

"பூசை வைக்கச் சொல்லுங்க. சின்னப்பன்னு பேரை மட்டும் சொல்லட்டும். உசுரோட இருக்காரா, உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்காரான்னு மாதாவுக்குத் தெரியும், அந்தந்த எடத்துல கொண்டுபோய்க் குடுத்துருவா."

சாமியாரிடம் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். மூடின கண்ணைப் பற்றியும் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனத்தில் என் பாவமாகச் சொன்னேன். அவர் பேரை மட்டும் சொல்லிப் பூசை வைத்தார். சின்னப்பன் வரவில்லை, செய்தியும் வரவில்லை. ஆரோக்கியம் தாலியைக் கழற்றவில்லை. அடுத்த வருஷமும் ஒரு பிடி மண்ணோடு வந்து, நடக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டாள். இத்தனை வருஷ உபதேசத்தில் ஒருத்தருக்கு உருப்படியாக உதவியது நான் தப்பாகச் செய்த அந்த ஒரு மூஞ்சிதான் என்று சொன்னால், இந்த வேலையில் இருந்தவர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.