தீபத்தன்று போட்ட தாழ்ப்பாள்

எண்பதுகளில் ஒரு கார்த்திகை தீபத்தன்று, மலை உச்சி நேராகத் தெரியும் எங்கள் மொட்டை மாடியில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். கீழே குடியிருந்தவர்களும் ஏறி வந்தால் நெரிசலாகுமே என்று நான்தான் மாடிக்கதவைத் தாழிட்டேன்.

தீபம் தெரிந்து எல்லாரும் அரோகரா சொன்ன நேரம், கதவு தட்டும் சத்தம். கீழ் வீட்டில் குடியிருந்த ஷமீமின் குரல்.

"இங்க இடமில்லம்மா. தெருவுல நின்னு பாரு" என்று சொல்லிவிட்டு மலைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். தட்டுவது நிற்கவில்லை. கதவிடுக்கில் புகை வந்த பிறகுதான் திறந்தேன்.

"தீபம் பாக்க வரலைக்கா. கீழ எரியுது, கொழந்தைங்கள மொதல்ல எறக்குங்க" என்றாள் ஷமீம். கை முழுக்கக் கொப்புளம்.

படியடியில் நான் ஏற்றி வைத்த அகலிலிருந்து, அங்கே கிடந்த சாக்கில் தீ பற்றியிருந்தது. பக்கத்திலேயே என் மண்ணெண்ணெய் டின். அதை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, தீ படியை மறிப்பதற்குள் எங்களை இறக்க வந்திருக்கிறாள். நேரே தெருவுக்கு ஓடியிருக்கலாம்.

எல்லாரும் பிழைத்தோம். தாழ்ப்பாளைப் பற்றி அவள் ஒருநாளும் பேசவில்லை. அதை அப்போதே கழற்றிவிட்டேன். டின்னும் கொல்லைக்குப் போய்விட்டது. ஆனாலும் தீபம் தெரியும்போதெல்லாம் என் கண் மலையில் இருக்கும், காது கதவில் இருக்கும்.