இரண்டாவது ஜாய்ஸ்டிக்

எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டோடு ஒரு சண்டையும் சேர்ந்தே வரும். எந்தப் பழைய வீடியோ கேமை யாராவது தூசு தட்டி எடுத்து, புதுப்பித்து, மறுபடியும் வெளியிட வேண்டும் என்பதுதான் சண்டை. எல்லாரும் நாற்பதை நெருங்குகிறவர்கள். வீட்டுக் கடன், பிள்ளைகளின் டியூஷன் என்று ஆயிரம் தலைவலி இருக்கிறது. அதையெல்லாம் மறந்துவிட்டு நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றைப் பிசைந்தபடி பேய் மாளிகை கேமுக்கும் வாள்வீச்சு கேமுக்கும் தொண்டை கிழியக் கத்துவார்கள். என் முறை வரும்போது நான் ஒரே பதில்தான் சொல்வேன். லோரி கேம்.

"லோரி கேமா? அதுல என்னக்கா பண்ணுவாங்க?"

"சரக்கு ஏத்துவாங்க. ஓட்டுவாங்க. இறக்குவாங்க."

"அவ்ளோதானா?"

அவ்வளவுதான். ஒருமுறை இணையத்தில் பழைய கேம் பைத்தியங்கள் கூடும் இடத்தில் இதைப் பற்றிக் கேட்டேன். எந்த ஊர்க்காரனோ ஒருவன், "அது மகா சலிப்பான கேம், உலகம் அதை மறந்தது நல்லதுதான்" என்று எழுதினான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது குடும்பம் முழுக்கத் தெரிந்த விஷயம். அன்றைக்கு அவனுக்கும் தெரிந்துபோனது. நான் எழுதிய பதிலை அந்தத் தளத்துக்காரர்களே நீக்கிவிட்டார்கள்.

அது சலிப்பான கேம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை மறக்கச் சொல்ல அவன் யார்?

எனக்குப் பத்து வயது இருக்கும்போது கிள்ளான் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், நெகிழிப் பையில் போட்டு விற்ற திருட்டு டிஸ்க் அது. அப்பா வாங்கி வந்தார். அட்டையில் ஜப்பானிய எழுத்து. அதனால் பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படத்தில் உடம்பெல்லாம் கலர் பல்பு மாட்டிய ஒரு லோரி. அதைப் பார்த்துத்தான் அப்பா வாங்கியிருக்கிறார், பிள்ளைக்கென்று சொல்லிக்கொண்டு.

அப்பா லோரி ஓட்டுநர். துறைமுகத்திலிருந்து ரவாங் கிடங்குகளுக்குச் சரக்கு ஏற்றுவார். சில நாள் ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைக் காய் ஏற்றப் போவார். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் வீட்டில் இருப்பார். அன்றைக்கும் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்து லோரி ஓட்டுவார்.

"வாரம் பூரா லோரி, ஞாயித்துக்கெழமையும் லோரியா? உங்களுக்குச் சோறு வைக்கவா, டீசல் ஊத்தவா?" என்று அம்மா கேட்பார்.

அந்த கேமில் தக்காளி, தர்பூசணி, கண்ணாடி, மீன் என்று ஏதாவது ஒரு சரக்கு கொடுப்பார்கள். திரையின் மேலே நேரம் ஓடும். எல்லாப் பிள்ளைகளும் நேரத்தைப் பார்த்து ஓட்டுவார்கள். அப்பா ஒருநாளும் நேரத்தைப் பார்த்ததில்லை. சிவப்பு விளக்கில் நிற்பார், வளைவில் வேகம் குறைப்பார், யாருமே இல்லாத ரோட்டில் சிக்னல் போடுவார். சிக்னல் போட அந்த கேமில் பொத்தானே கிடையாது, வாயால் "டிக் டிக்" என்பார். கடைசியில் தாமதத்துக்கு முட்டை மதிப்பெண், சரக்குக்கு முழு மதிப்பெண். கிடங்கு வாசலில் தலைக்கவசம் போட்ட ஒரு குட்டி மனிதன் வந்து குனிந்து வணங்குவான். அப்பாவும் சோபாவிலிருந்து லேசாகத் தலையைக் குனிவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

அது ஒருவர் மட்டும் ஆடுகிற கேம். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை மாட்டினாலும் அது எதற்கும் பயன்படாது. ஆனால் அதை என் கையில் கொடுக்காமல் அப்பா வண்டியை எடுக்கமாட்டார்.

"லோரியில ரெண்டு பேருதாம்மா. ஓட்டுறவன் ஒருத்தன், பாக்குறவன் ஒருத்தன். மத்ததெல்லாம் சரக்கு."

லோரியில் ஓட்டுநருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொல்கிற உதவியாளுக்கு இங்கே கெலிண்டான் என்று பெயர். அப்பாவின் கெலிண்டான் நான். திரையின் இடது பாதி என்னுடையது. "லெஃப்ட் க்ளியரா?" என்று கேட்பார். நான் "க்ளியர்ப்பா" என்று சொன்னால்தான் திருப்புவார். வாகனத்தைப் பின்னால் எடுப்பதற்கு இந்த ஊரில் கோஸ்தான் என்போம். கோஸ்தான் எடுக்கும்போது மட்டும் நான் எழுந்து நின்று பார்க்க வேண்டும். அது கெலிண்டான் சட்டமாம்.

அந்த டிஸ்க்குக்கு ஒரு வியாதி இருந்தது. கடைசிக் கட்டத்தில் மலைக்குள் ஒரு நீளமான சுரங்கப்பாதை வரும். பாதி சுரங்கத்தில் படம் அப்படியே உறைந்துவிடும். திருட்டு டிஸ்க்குக்கு வேறென்ன வரும்? நான் கத்துவேன். அப்பா நிதானமாக ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டுத் தேநீரை எடுப்பார்.

"ஜேம்லா," என்பார். "முன்னால எதோ ஆக்சிடன் போல."

அந்த நெரிசல் முப்பது வருஷமாகியும் தீரவில்லை.

போன வருஷம் சர்க்கரை நோய் அப்பாவின் வலது பாதத்தில் புண்ணாக வந்தது. காட்டாமல் மறைத்தார். கண்டுபிடித்தபோது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. கண்ணும் பாதி போயிருந்தது. வெளிச்சத்தில் நன்றாகப் பார்ப்பார், இருட்டில் சுவர்கூடத் தெரியாது. அறுவைச் சிகிச்சை முடிந்து வேனில் படுக்க வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வாராவாரம் காயத்தைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார் டாக்டர். கிருமி மேலே ஏறினால் முழங்காலையும் எடுக்க வேண்டி வரும் என்று முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பினார்.

முதல் வாரமே அப்பா போகமாட்டேன் என்றுவிட்டார்.

நான் காரை வாசலில் நிறுத்தி, இடது கதவைத் திறந்து வைத்து நிற்கிறேன். அவர் சக்கர நாற்காலியில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"முப்பது வருஷம் நான் ஓட்டிட்டுப் போனேன். இப்ப என்னைத் தூக்கிப் போட்டு எடுத்துட்டுப் போவியா? நான் என்ன சரக்கா?"

"அப்ப முழங்காலும் போகட்டும்னு விட்டுடவா?"

"போகட்டும்லா. அது என் கால்தானே."

அம்மா அழுதார். "பட்ட கால்லயே..." என்று ஆரம்பித்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் கத்தினேன். பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் அசையவில்லை. அந்த வார முறை தவறிப்போனது. அடுத்தது திங்கட்கிழமை.

கத்தி ஆகாததைக் காரியத்தால் சாதிக்கலாம் என்று நினைத்தேன். இப்போது வருகிற லோரி கேம்கள் அசலை மிஞ்சும். மழை பெய்தால் கண்ணாடியில் துளி வழியும். அப்பாவின் மனசு லோரியில் ஏறிவிட்டால் வீம்பு கொஞ்சம் இறங்கும் என்று ஒரு கணக்கு. மடிக்கணினியில் கேமை ஏற்றி, நிஜமான ஸ்டீரிங்கோடு ஒரு செட்டே வாங்கி வந்தேன். மேசையில் மாட்டி, அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். அப்பா ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

பிறகு கீழே பார்த்தார். மேசைக்கு அடியில் மூன்று மிதிகள் இருந்தன. வலது ஓரத்தில் வேகம் கூட்டும் எண்ணெய் மிதி. அதை மிதிக்க வேண்டிய பாதம் இல்லை.

அறிவு கெட்டவளே என்று எனக்கு நானே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கடையில் ஸ்டீரிங்கைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், மிதியை மட்டும் பார்க்கவில்லை. அப்பா என்னைத் திட்டவில்லை. "ரோடும் தப்பு பக்கம் இருக்கு," என்றார், அது ஐரோப்பா ரோடு. பிறகு நாற்காலியைத் தானே திருப்பிக்கொண்டு அறைக்குப் போனார். கதவருகில் போய் நின்றவர், "நம்ம பழைய கேம்ல கட்டைவிரலாலயே ஓட்டலாம்," என்றார்.

அந்தத் திருட்டு டிஸ்க் எப்போதோ தொலைந்துபோயிருந்தது. மறுநாளே பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரயில் ஏறினேன். அங்கே ஒரு மாடிக் கடையில் பழைய கேம் பெட்டிகளைப் பழுது பார்ப்பார்கள், ஜப்பானிலிருந்து பழைய டிஸ்க்குகளும் மூட்டையாக வரும். கடைக்காரத் தம்பியிடம், பெயர் தெரியாது, பல்பு மாட்டிய லோரி, தலைக்கவச மனிதன் குனிவான் என்று நடித்தே காட்டினேன்.

"அக்கா, இதெல்லாம் யாருமே கேக்க மாட்டாங்க. அந்தப் பெட்டியில கெடக்குது, நீங்களே தேடிப் பாருங்க."

தேடினேன். முழங்கை வரைக்கும் தூசு. பெட்டியின் அடியில் அந்த லோரி கிடந்தது. திருட்டு டிஸ்க் இல்லை, அசல். புது டிவியில் பழைய பெட்டியை மாட்ட ஒரு குட்டிச் சாதனத்தையும் அந்தத் தம்பியே தேடிக் கொடுத்தான். அன்று அவன் எனக்குக் குலதெய்வம்.

வீட்டில் அலமாரி மேல் கிடந்த பழைய கேம் பெட்டி உயிர் பெற்றது. அப்பா முதல் ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டார். இரண்டாவதை என்னிடம் நீட்டினார். தக்காளி, தர்பூசணி, கண்ணாடி என்று இரண்டே நாளில் எல்லாவற்றையும் இறக்கினார். அவர் விரலுக்கு எல்லா வளைவும் ஞாபகம் இருந்தது. குட்டி மனிதன் குனிந்தான், அப்பாவும் குனிந்தார். அம்மா சமையலறையிலிருந்து, "சோறா, டீசலா?" என்று கேட்டார். வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு மூன்று பேரும் சிரித்தோம்.

ஞாயிறு மதியம் கடைசிக் கட்டம் வந்தது. மீன் லோடு. சுரங்கத்துக்குள் நுழைந்தோம். உறையும் இடம் வந்தது. உறையவில்லை. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது, நாங்கள் ஒருநாளும் பார்க்காத இருட்டுக்குள்.

லோரி சுவரில் உரசியது. மறுபடியும் உரசியது. மீன் பெட்டிகளின் எண்ணிக்கை குறைந்தது. சரக்கில் அப்பா ஒரு பெட்டி இழந்து நான் பார்த்ததே இல்லை.

"சுவரு எங்கம்மா இருக்கு?"

"இடது பக்கம்ப்பா, கிட்டத்துல."

"எனக்கு ஒண்ணும் தெரியல."

வண்டியை நிறுத்தினார். மேலே நேரம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஜாய்ஸ்டிக்கை என் மடியில் வைத்தார். என் கையிலிருந்த இரண்டாவதை வாங்கிக்கொண்டார்.

"தெரியாத ரோடு, கண்ணும் சரியில்ல. நீ ஓட்டு. வெளிய போனதும் நான் பாக்குறேன்."

நான் ஓட்டினேன். சுரங்கம் முடிந்ததும் வெயில், அடுத்து மலைச்சரிவு, கீழே கடல். அப்பா எதற்கும் பயன்படாத அந்த ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "லெஃப்ட் க்ளியர். மெதுவா. வேலி இருக்கு. இப்ப போ. க்ளியர்." ரோடு ஒரு துறைமுகத்தில் போய் முடிந்தது. கிரேன்களைப் பார்த்து அப்பா, "அட, நம்ம போர்ட்டு மாதிரியே இருக்கு," என்றார். குட்டி மனிதன் குனிந்தான். இந்த முறை நான்தான் பதிலுக்குக் குனிய வேண்டும் என்று அப்பா முழங்கையால் இடித்தார்.

இந்த கேமை யாராவது மறுபடியும் செய்தால் படத்தை அழகாக்க வேண்டாம், மழைத்துளியும் வேண்டாம். கட்டைவிரலால் ஓட்டும்படி விடுங்கள். இரண்டாவது ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு வேலை கொடுங்கள். இடது பக்கம் அவருடையதாக இருக்கட்டும். இதைத்தான் அந்த இணையத்துக்காரனிடம் நான் சொல்லியிருக்க வேண்டும், கெட்ட வார்த்தைக்குப் பதிலாக.

திங்கள் காலையில் நான் சண்டைக்குத் தயாராகத்தான் எழுந்தேன். வெளியே வந்தால் அப்பா சட்டை போட்டு, தலை வாரி, வாசலில் சக்கர நாற்காலியில் இருக்கிறார்.

"கதவு தெறக்க எடமில்லலா. காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்து."

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாய் திறந்தால் ஏதாவது கெட்டுவிடுமோ என்று பயம். தள்ளி நிறுத்தினேன். அப்பா கதவுச் சட்டத்தைப் பிடித்து, மூச்சு வாங்க, இடது பக்க இருக்கையில் தானே ஏறி உட்கார்ந்தார். அம்மா மருத்துவமனைப் பையோடு பின்னால் ஏறினார்.

"அப்ப நான்தான் சரக்கு," என்றார்.

"பேசாத சரக்கா வா," என்றார் அப்பா. பிறகு என்னிடம், "இந்தக் கண்ணாடிய எனக்குத் தெரியுற மாதிரி திருப்பு," என்றார்.

"அப்ப எனக்குத் தெரியாதேப்பா."

"உனக்கு எதுக்கு? நான் எதுக்கு ஒக்காந்திருக்கேன்?"

இடது கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினேன். இப்போது எனக்கு அதில் அப்பாவின் தோள் மட்டும் தெரிந்தது. கியரை மாற்றியதும் முன்னால் இருந்த திரையில் பின்பக்கக் கேமரா விழித்துக்கொண்டு கீச்கீச்சென்று கத்தியது. அதை அணைத்தேன்.

"லெஃப்ட் க்ளியராப்பா?"

"இரு. மோட்டார் சைக்கிள் ஒண்ணு வருது. போகட்டும்... போகட்டும்... ம், இப்ப கோஸ்தான் எடு. க்ளியர்."

எடுத்தேன்.