மாமாவும் நுளம்பு வலையும்

கனடாவிலிருந்து பெரியம்மா வந்திறங்கிய அன்றே எங்கள் மாமாவின் வேலை போய்விட்டது.

மாமா, அம்மாவின் தம்பி. வயது முப்பதைத் தாண்டியும் மனதால் என்னைவிடச் சின்னவர். சட்டைப் பொத்தானை அம்மாதான் பூட்டிவிட வேண்டும். ஆனால் விடிந்ததும் மண்டைதீவுக் கரையில் போய்க் குந்திவிடுவார். வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் முறியாமல் கழற்றுவதில் அவரை அடிக்க ஆளில்லை. கால் போன நண்டை யார் நல்ல விலைக்கு எடுப்பார்கள்? அதனால் அப்பா மட்டுமல்ல, அவரோடு கடலுக்குப் போகும் கூட்டாளிகளும் தங்கள் வலைகளை அவர் முன்னால்தான் கொண்டுவந்து போடுவார்கள்.

கீறல் விழுந்த அந்தக் கைகளைப் பெரியம்மா பார்த்துவிட்டார். "ஏலாத பிள்ளையை வெய்யிலுக்கை இருத்தி வேலை வாங்குறியளே, உங்களுக்கு நெஞ்சிலை ஈரமில்லையோ?" மறுநாள் மாமாவுக்கு மெத்தை வைத்த கதிரையும் பெரிய ரீவியும் வந்தன. பள்ளிக்கூடமும் இல்லை, வேலையும் இல்லை, நாள் முழுக்கப் படம்! எனக்கு வயிறு எரிந்தது.

மாமாவோ வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குழைத்துக் கொடுத்த புட்டு அப்படியே காய்ந்து கிடந்தது. நாலாம் நாள், அப்பா பேச்சுக் கொடுத்தும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா அழுதேவிட்டார். "அக்கா, இவன் இப்பிடியே கிடந்தால் தப்பமாட்டான்."

"பழகிடுவான், விடு" என்றார் பெரியம்மா.

ஐந்தாம் நாள் காலை, பெரியம்மாவின் கட்டிலில் கட்டியிருந்த நுளம்பு வலையைக் காணவில்லை. தேடிப் போனால், மாமா அதை முற்றத்து மணலில் விரித்துவைத்து, மேலே விழுந்த வேப்பஞ்சருகுகளை ஒவ்வொன்றாக, ஒன்றும் நொறுங்காமல், எடுத்து ஓலைக் கடகத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பெரியம்மா மாமாவின் கையைப் பிடித்துக் கரைக்கு அவரே கூட்டிப்போனார். நானும் பின்னால் ஓடினேன். அப்பா வலையைக் கொண்டுவந்து போட்டார். பெரியம்மாவும் சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் குந்தி, ஒரு நண்டைப் பிடித்து இழுத்தார்.

"அக்கா, இழுக்காதேங்கோ! கால் முறிஞ்சிடும். கையைத் தாங்கோ, காட்டுறன்" என்று அதட்டினார் மாமா. அவர் யாரையும் அதட்டி நான் அதுவரை கேட்டதில்லை.

"ஓம் ராசா, ஓம்" என்று தலையாட்டிய பெரியம்மாவின் கண்களிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

நான் எடுத்த ஓட்டத்தில் வீட்டுக்குப் போய்க் கத்தினேன்: "அம்மா, பெரியம்மாவுக்கு நண்டு கடிச்சுப்போட்டுது!"